கேமரா நாலு

"கை வச்சிடாதீங்கக்கா, சுடும்" என்றபடி கம்ப்யூட்டர் மெக்கானிக் பவர் வயரைச் சொருகினான். ஹார்டு டிஸ்க் 'கடக், கடக்' என்று பல்லைக் கடித்தது.

மில் மெஷினில் சிக்கிச் செத்தவனின் மனைவி ஸ்டூலைவிட்டு அசையவில்லை. குடித்துவிட்டு அவனாகவே மெஷினுக்குள் கையை விட்டான் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் பொய்யென்று சொல்ல, மில் கேமராக்கள் பதிந்துவைத்த இந்த டிஸ்கைத் தவிர அவளுக்கு வேறு சாட்சி கிடையாது. லேபர் ஆபீஸ் உத்தரவு போட்ட பிறகு, மில்காரர்கள் அதை, பதிவை எடுத்துத் தரச் சொல்லி, நேற்றுதான் இந்த மெக்கானிக்கிடம் அனுப்பியிருந்தார்கள்.

"சத்தம் கேக்குதுல்ல? தேறாதுக்கா. உயிர் போயிடுச்சு."

"உயிர் போனது எங்கயாவது சத்தம் போடுமா தம்பி? என் வீட்டுல போனது ஒரு வார்த்தை பேசலையே."

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் திரையில் படம் வந்துவிட்டது. கேமரா நாலு. மேஸ்திரி மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். ஓடும்போதே துடைக்கச் சொல்லிக் கை காட்டுகிறார். அவள் புருஷன் மாட்டேன் என்று தலையாட்டுகிறான். மேஸ்திரி வாசலைக் காட்டுகிறார். அவன் குனிகிறான்.

"குடிச்ச மாதிரியா தெரியுது?" என்றாள் அவள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"இல்லக்கா."

மெக்கானிக் திரையையும் டிஸ்கையும் மாறி மாறிப் பார்த்தான். மில் முதலாளி சொன்னபடி, நேற்று மதியமே அந்த டிஸ்கைத் திறந்து, பதிவுகள் இருக்கும் வட்டத் தகடுகளைக் கழற்றி, சுத்தியலால் நொறுக்கிச் சாக்கடையில் கொட்டியவன் அவன்தான்.