ஒருக்களித்துப் படுப்பவர்

மறுபடியும் புஸ்ஸென்றது.

அவள் கையிலிருந்த ஊசியைத் தலையணையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கறிச்சோறு உண்டுவிட்டுப் படுத்த மனிதரின் முகத்தில் மாஸ்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சந்து வழியாகக் காற்று நேராகக் கண்ணில் அடித்தது. அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே தூங்குவதுபோல் நடித்தார்.

அந்த நடிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மல்லாந்து படுத்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் மல்லாந்தால் ஐயாவுக்குத் தூக்கம் வராது. ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். அதிலும் கதவுப் பக்கம் பார்த்துத்தான் படுக்க வேண்டும். படுத்ததும் தலையணை முட்டும், மாஸ்க் தூக்கும், காற்று சீறும். பத்தாவது நிமிடம் கழற்றி எறிவார். உடனே குறட்டை.

குறட்டைகூடப் பரவாயில்லை. நடுவில் நிற்கும், அதுதான்.

மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறது என்று டாக்டர் தாளில் காட்டினார்.

புருஷனின் அண்ணனுக்குப் போன தையில் ஒரு தடவைதான் நின்றது. திரும்ப வரவில்லை.

மூச்சு நிற்காமல் மாஸ்க் வழியாகக் காற்றை ஊதும், ஒரு மாதம் போட்டுப் பாருங்கள் என்று கொடுத்த மெஷின். நாளையோடு மாதம் முடிகிறது. வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று காலையிலேயே கடைக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் என்ன சும்மாவா இருந்தாள்? திருப்பூரில் இருபது வருஷம் பனியன் தைத்தவள். எலாஸ்டிக் அவளுக்குத் தெரியாதா?

மாஸ்க் வாரை ஒரு இஞ்ச் பிடித்துத் தைத்தாள். கன்னத்தில் தடம் விழுந்தது, காற்று நிற்கவில்லை. இன்னொரு இஞ்ச் பிடித்தாள். காது சிவந்தது. கம்பெனியிலிருந்து வெட்டுத்துணி கொண்டுவந்து, மெல்லிசாகப் பார்த்து மாஸ்க்குக்கு உறை தைத்தாள். மறுநாள் உறை கட்டிலுக்கடியில் கிடந்தது.

இன்றைக்குத் தலையணையையே வெட்டிவிட்டாள். மாஸ்க் முட்டாமல் இருக்க ஓரத்தில் அரைவட்டமாய் ஒரு பள்ளம். வீடெல்லாம் இலவம் பஞ்சு. ரசத்தில்கூட ஒரு இழை மிதந்தது.

கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். அவர் தலையைத் தூக்கி, பழையதை உருவிப் புதியதைச் செருகினாள்.

மாஸ்க் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

புஸ்.

அப்போதுதான் மெஷினிலிருந்து மாஸ்க்குக்கு வரும் குழாயைப் பார்த்தாள்.

மெஷின் அவர் முதுகுக்குப் பின்னால், சுவரோரம் ஸ்டூலில் இருந்தது. பிளக் அங்கேதான். அவர் கதவுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் குழாய் தோளைச் சுற்றி வந்து மாஸ்க்கைப் பின்னால் இழுத்தது. எலாஸ்டிக்கும் இல்லை, தலையணையும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தால் தீர்ந்தது.

ஒரு மாதம்! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க, செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுங்க. அவ்வளவுதானுங்க."

அவர் அசையவில்லை.

தோளைப் பிடித்துத் தள்ளினாள். கல்லுக்குண்டுபோல் கிடந்தார். அவளுக்குத் தலைக்கேறிவிட்டது.

"என்னதானுங்க பிடிவாதம்? உங்கண்ணனாட்டம் நீங்களும் போய்ட்டா எனக்கு ஆருங்க இருக்கறாங்க?"

அவர் மாஸ்க்கைக் கழற்றினார். மூக்குத்தண்டில் சிவப்பாகத் தடம்.

"நீதான புள்ள சொன்ன. இன்னொருக்கா முதுகக் காட்டிப் படுத்தா அம்மா ஊட்டுக்குப் போயிருவேன்னு."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிது. எதற்கென்றே தெரியாத ஒரு சண்டை. கதவுப் பக்கம் படுத்திருந்த அவளுக்கு முதுகைக் காட்டி அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவள் சொன்னாள்.

இருபத்தேழு வருஷம். சொன்னவள் எப்போதோ மறந்துபோனாள்.

அதற்குப் பிறகுதான் குறட்டை வந்தது. குறட்டை வந்த நாளிலிருந்து அவள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கதவைப் பார்த்துப் படுக்கிறாள்.

எத்தனை வருஷம் என்று எண்ணப் பார்த்தாள். பாதியில் விட்டுவிட்டாள்.

கோபம் மட்டும் போகவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கட்டிலைத் திருப்பிப் போட்டால் தலை வடக்கே வரும், ஆகாது. தன் தலையணையை எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் போனாள்.

"நகருங்க."

அவர் விழித்தார்.

"அட, நகருங்கன்னா."

அவள் இடத்துக்கு அவர் நகர்ந்தார். அவர் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். வெட்டிய தலையணையைப் புரட்டிப் போட்டாள், பள்ளம் இந்தப் பக்கம் வந்தது. மாஸ்க் வாரில் பிடித்துத் தைத்த இரண்டு இஞ்சையும் பிரித்துவிட்டாள். பிடித்துத் தைத்த இரண்டு இஞ்சையும் பிரித்துவிட்டாள்.

அவர் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார்.

குழாய் அவள் தலைமாட்டைத் தாண்டித் தளர்வாகக் கிடந்தது. மாஸ்க்கின் ஓரமெல்லாம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். எங்கேயும் காற்று வரவில்லை.

அவளும் படுத்தாள்.

பழக்கம். உடம்பு தானாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

மெஷினில் சின்னதாகப் பச்சை விளக்கு. முதுகுக்குப் பின்னால் மூச்சு சீராக வந்துபோனது. சுவரில் ஒரு விரிசல் இருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள்.

சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு புரண்டு இந்தப் பக்கம் படுத்தாள்.

அவர் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார்.

"கண்ண மூடுங்க" என்று அதட்டினாள்.

அவர் மூடவில்லை.