தேதிக்கு முன்னால்

"இன்னா, கம்பெனிக்குப் போவலியா?" என்று கேட்டாள் ரெனிதா.

ஜாபஸ் கொட்டகையை விட்டு நகரவில்லை. "மாடு கன்னு போடப் போவுது. இன்னிக்கு லீவு."

"டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் கீதே?"

"தேதி காலண்டர்ல கீது. மாடு அதைப் பாத்தா கன்னு போடும்? படுத்துப் படுத்து எழுந்துக்குது பாரு. இதப் பாத்தும் சும்மா கீறவன் மனுசனா?"

திருமழிசைக்குப் போய் மாட்டு டாக்டரை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். கன்றின் ஒரு கால் மடங்கிச் சிக்கியிருந்தது. டாக்டர் கையை விட்டு நிமிர்த்தி இழுத்தார். சின்னக் கிடாரி. உயிர் இருந்தது.

"கொஞ்சம் அசால்ட்டா விட்டிருந்தா செத்துப் போயிருக்கும்" என்றார்.

ஜாபஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நடுங்குது ரெனி, மெத்துனு ஒரு துணி கொண்டா."

அவள் பீரோவின் அடியிலிருந்து மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். வாத்துப் படம் போட்டது. விலைச் சீட்டுகூடப் பிரிக்காதது.

வாங்க நீண்ட அவன் கை பாதியில் நின்றது. "இது... நம்ம பாப்பாவுக்கு வாங்கினதாச்சே."

"ஆமா. எனக்கு வலி வந்தப்ப, தேதிக்கு இன்னும் நாள் கீது, பேசாம படுன்னு சொல்லிட்டு நீ ஷிப்டுக்குப் போனியே, அந்தப் பாப்பாவுக்கு வாங்கினதுதான். கன்னுக்குக் குளிருது, தொடச்சி உடு."