கண்ணை மூடிய வழிகாட்டி

“முன்னாடி உட்காருங்க பெரியவரே, வழி சொல்ல வேணாமா?” என்றாள் நொமின்.

“பின்னாடி தரையில உட்கார்ந்தாத்தாம்மா எனக்கு ஞாபகம் வரும்.” வேனுக்குள் ஏறிய ஷரவ், அவள் விரித்திருந்த கம்பளத்தை உருட்டி ஓரமாகத் தள்ளினார். வெறும் தகட்டின் மேல் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

‘நல்ல ஆளைப் பிடிச்சே’ என்பதுபோல மனைவி நொமினைப் பார்த்துவிட்டு வேனைக் கிளப்பினான் தோக்ஸ்.

நொமினுக்கு வேறு கதியில்லை. கிணறு வற்றி நாலு நாளாகிவிட்டது. இருநூறு ஆடும் பதினோரு ஒட்டகமும் தாகத்தில் கத்திக்கொண்டிருந்தன. கோபிப் பாலைவனத்தின் இந்தப் பள்ளத்தாக்குகளில் எங்கோ, மண் ஆய்வுக் குழு ஒன்று அந்தக் காலத்தில் தோண்டிக் கல்லால் மூடிவிட்டுப் போன கிணறு இருந்தது. இன்று அது கிடைக்காவிட்டால் மந்தையோடு இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். அந்தக் குழுவின் லாரியில் முப்பது வருடம் சுற்றியவர்களில் மிச்சமிருப்பவர் ஷரவ் ஒருவர்தான்.

“மெதுவா போப்பா. அந்தக் காலத்துல இவ்வளவு வேகம் கிடையாது.”

“தூங்கிட்டே பேசுறாரு பாரு” என்று முணுமுணுத்தான் தோக்ஸ்.

வேன் மூன்று முறை தூக்கிப் போட்டது.

“ஆங், முதல் பள்ளத்தாக்கு! எங்க தலைவர் இங்கதான் ஒட்டகத்தைத் துரத்திட்டுப் போனாரு. கடைசியில ஒட்டகம் அவரைத் துரத்துச்சு. அவர் கத்துன கத்தல் இன்னும் காதுல இருக்கு. வலது பக்கம் திருப்பு.”

சக்கரத்தடியில் சரளை கரகரத்தது.

“ரெண்டாவது. நேரா விடு.”

வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. சரளைச் சத்தம் அடங்கியது. ஷரவ் உதட்டுக்குள் எண்பது வரை எண்ணினார்.

“நிறுத்து!”

இறங்கினால் வெறும் மணல்.

“கிணறு எங்க பெரியவரே, கனவுலயா?” என்றான் தோக்ஸ்.

நொமின் கடப்பாரையால் மணலைக் குத்திப் பார்த்தாள். ஏழாவது குத்தில் ‘டங்’ என்றது.

மணலை விலக்கி, மூடியிருந்த கல்லைப் புரட்டி வாளியை இறக்கினார்கள். கனமாக மேலே வந்தது. முதல் தண்ணீரை விரலால் தொட்டு, வழக்கப்படி நன்றியாக வானத்துக்குத் தெளித்தாள் நொமின். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

தோக்ஸ் ஒரு கிண்ணம் மொண்டு இரண்டு கையாலும் பெரியவரிடம் நீட்டினான். “மன்னிச்சிடுங்க. முப்பது வருஷம் லாரி ஓட்டுன அனுபவம் சும்மாவா?”

“லாரி ஓட்டுனேனா? யாருப்பா சொன்னது? நான் சமையல்காரன். ஜன்னலே இல்லாத பின்பெட்டியில சூப்பு அண்டாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு வந்தவன்” என்றார் ஷரவ். “போறப்போ மெதுவா ஓட்டு. இந்த வழி எப்படி இருக்கும்னு ஒருதடவையாவது பாக்கணும்.”