மாலையிட்ட படம்

பதினோராண்டாகத் தொலைக்காட்சித் தொடரொன்றில் நாயகராக விளங்கிய தணிகைவேல், ஐந்து வயதாகியும் நடை பயிலாத மகள் பூங்கோதைக்கு நடை பழக்க, அவள் சிற்றடிகளே தஞ்சமெனப் படப்பிடிப்பைத் துறந்தார்.

"நாளைக்கு வரலைன்னா கதையில உங்களைச் சாகடிச்சிடுவேன் அண்ணே! படத்துக்கு மாலைதான்!" என்று இயக்குநர் தொலைபேசியில் சீறினார்.

"தாராளமா போடுங்க தம்பி. படத்தை நானே அனுப்புறேன். பிளாஸ்டிக் மாலை மட்டும் வேண்டாம்."

தோளேறிய மகளோடு எடுத்த படத்தில் தம் முகத்தை மட்டும் கத்தரித்து அனுப்பினார். தலைமுடியைப் பற்றியிருந்த பிஞ்சு விரல்களை அகற்றவில்லை.

மறுவாரம் திரையில் அம்முகம் மாலை சூடித் தொங்க, தொடரின் குடும்பமே அலறிற்று. தந்தையின் கைகளைப் பற்றி நின்ற பூங்கோதை திகைத்தாள்.

"அப்பா, நீ செத்துட்டியாம்!"

"ஆமா தாயி. இனி எனக்கு வேற வேலையே இல்ல. அடுத்த அடி வை" என்று அவர் பின்னோக்கி நகர்ந்தார்.