உள்ளங்கைக் கோடு

தூண்டில் சங்கத்தின் எடை அறையில், ஜன்னல் வெயில் மீனின் செதிலில் பட்டுக் கூரையில் நடுங்குகிறது. தராசு முள் ஏரியின் பழைய சாதனையைத் தாண்டி நிற்கிறது. எடைபார்ப்பவர், மீனைப் பிடித்த தபால்காரரின் பெயரைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கியபடியே, "தூண்டிலை வேற யாரும் தொடலையே?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்கிறார். "இல்லவே இல்லைங்க," என்று முந்திக்கொள்கிறாள் தபால்காரரின் மனைவி. தபால்காரரோ அவள் மடக்கியிருக்கும் கையை மெல்லப் பிரிக்கிறார். உள்ளங்கையில் தூண்டில் நரம்பு அறுத்த சிவப்புக் கோடு. "என் கை மரத்துப்போச்சுங்க. ஒரு நிமிஷம் இவதான் பிடிச்சா." "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்கிறாள் அவள். "விதிப்படி இது கணக்குல வராதுண்ணே," என்கிறார் எடைபார்ப்பவர். டஸ்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் எழுதிய முதல் எழுத்தை அவர் விரலால்தான் தடவுகிறார். அது முழுதாக அழியவில்லை.