வயரின் நுனியில் ஒரு மனுசன்

லண்டன் பிளேஸ்டோ வீட்டின் முன்னறையில் மத்தியான வெயில் சாய்ந்து கிடக்கிறது. யன்னலுக்கு மேலே ஒட்டிய சிவப்பு வயரின் நுனியைப் பிடித்தபடி நடேசலிங்கம் கதிரையில் ஏறி நிற்கிறார். மூன்று கிழமையாக அவர் படுகிற பாடு இது. வயரின் மற்ற முனை, போனின் ஒலியை ரேடியோவுக்கு அனுப்பும் நெருப்புப்பெட்டியளவு டிரான்ஸ்மிட்டருக்குள் போகிறது. அதில் செருகியிருப்பது மனைவி பவளராணியின் போன். மேசையில் அறுபது வயதான மர ரேடியோவின் வால்வுகள் மெல்லச் சிவக்க, சூடேறிய தூசி மணக்கிறது. “கையை எடுத்துப் பாருங்கோ,” என்கிறாள் பவளராணி. எடுக்கிறார், வெறும் இரைச்சல். பிடிக்கிறார், ரொறன்ரோவிலிருந்து அவளின் அக்கா காலையில் அனுப்பிய வாட்ஸ்அப் குரல், செய்தி வாசிப்பதுபோல் கணீரென்று அறையை நிறைக்கிறது. மகனின் புது வீடு, முழங்கால் நோவு, பிறகு சிரிப்போடு: “உன்ர மனுசன் இன்னும் அந்தப் பழைய ரேடியோவோடதான் மாரடிக்கிறாரோ? விசர் மனுசன்!” பவளராணி நாக்கைக் கடித்துக்கொண்டு போனை நோக்கிப் பாய்கிறாள். அவர் வயரிலிருந்து கையை விட்டால் போதும், மச்சாளின் வாய் அடங்கிவிடும். நடேசலிங்கம் வயரை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. “நிப்பாட்டாதையும். ஒரு இரைச்சலும் இல்லை, பாத்தீரே? திரும்பப் போடும்.”