'இல்லை' என்றும் சொல்லக் கூடாது

"பக்கத்துல லஸ்ல எத்தனை பேங்க் இருக்கு! அதையெல்லாம் விட்டுட்டு நீ ஏண்டா கருணா, மாம்பலம் பேங்குக்குப் போறே?"

கோமளம் மாமி கேட்டபோது கருணாகரன் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். மாடிக் குடித்தனத்துப் பையன். பி.காம். இரண்டாம் வருஷம். கோடை விடுமுறையில் பேங்க் வேலை பழகட்டும் என்று அவன் அப்பா ஏற்பாடு செய்திருந்தார்.

"அப்பாவோட ஜவுளிக் கடை அங்கே பாண்டி பஜார்லதானே மாமி. அந்த மேனேஜர் அவருக்குப் பழக்கம்."

"அது சரி, அங்கே உனக்கு என்ன வேலை?"

"கணக்கு வெச்சிருக்கறவங்களோட மாதிரிக் கையெழுத்து அட்டையை வரிசையா அடுக்கணும். யாராவது பணம் எடுக்க வந்தா அட்டையை உருவிக் கொடுக்கணும். கையெழுத்து சரியான்னு ஒத்துப் பாப்பாங்க."

"எல்லார் அட்டையும் உன் கையிலயா?" மாமியின் மடியில் பாதி பின்னிய ஒயர் கூடை, விரல்கள் அப்படியே நின்றன. "போட்டோ இருக்குமோ?"

"போட்டோ இல்ல. பேர், விலாசம், கையெழுத்து."

மயிலாப்பூரில் ஆறு குடித்தனம் இருக்கிற அந்த ஸ்டோர் வீட்டில், யாருக்கு என்ன கடுதாசி வந்தது என்பது தபால்காரருக்கு முன்பே மாமிக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவள் இதைக் கேட்டபின் சும்மா இருப்பாளா? அன்று சாயங்காலமே வாழைப்பூ வடை மாடி ஏறியது.

"மாமா சனிக்கிழமை சாயங்காலம் தவறாம மாம்பலம் கிளப்புக்குச் சீட்டாடப் போறார். சம்பளத்துல பாதிதான் ஆத்துக்கு வரது. மீதி எங்கே போறது? அந்த பேங்க்ல ரகசியமா கணக்கு வெச்சிருக்காரோன்னு எனக்கு சந்தேகம். பொண்ணு வத்ஸலாவுக்குக் காலேஜ் பீஸ் கட்ட ஜூன் பதினஞ்சு கடைசி நாள். கேட்டா கையை விரிக்கறார். சுந்தரராமன்னு அட்டை இருக்கா, சொல்லு."

கருணாகரன் கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"சொல்லக் கூடாது மாமி. சேர்ந்த அன்னிக்கே மேனேஜர் ஃபாரத்துல கையெழுத்து வாங்கிட்டார். யாருக்குக் கணக்கு இருக்குன்னு வெளியில மூச்சு விட்டா அவ்வளவுதான். சர்ட்டிபிகேட் கிடையாது, வீட்டுக்குப் போன்னுடுவார்."

"இருக்குன்னு சொல்ல வேண்டாம்டா. இல்லைன்னாவது சொல்லேன்."

"இல்லைன்னும் சொல்லக் கூடாது."

"தலையையாவது ஆட்டேன்."

கருணாகரன் கழுத்துச் சுளுக்கு வந்தவன்போல உட்கார்ந்திருந்தான்.

"மாமாவும் நீயும் குழாயடியில தினம் ஒரு மணி நேரம் பேசறேளே! அவர்கிட்ட பேங்க் விஷயம் ஏதாவது உளறினியா?"

"கிரிக்கெட்தான் பேசுவோம் மாமி."

மாமி நம்பவில்லை. தானே அளந்து போட்ட அரிசியைக்கூட இரண்டாம் தடவை அளந்து பார்க்கிறவள் அவள். மே மாதம் முழுக்க விசாரணை நடந்தது. அடை வந்தது, மாவடு வந்தது, வெல்லச் சீடைகூட வந்தது. பையன் தின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை.

ஜூன் பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் மாமி மாடிக்கு வந்து கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

"போன வெள்ளிக்கிழமை பனகல் பார்க் ஓரமா நின்னுண்டு சிகரெட் ஊதினது யாரு? நான் கூடை விக்கப் போடற கடைக்குப் போயிட்டு வரச்சே ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

கருணாகரன் மாடிப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். அவன் அப்பா வைரவன் பொல்லாத கோபக்காரர். சிகரெட் சங்கதி காதில் விழுந்தால் காலேஜை நிறுத்திவிட்டு, மறுநாளே கடையில் துணி மடிக்க உட்கார்த்திவிடுவார்.

"அட்டை இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை. இல்லேன்னா உங்கப்பா வரட்டும்."

வாசலில் வைரவனின் செருப்புச் சத்தம் கேட்டது. படி ஏறியது. நெருங்கியது.

"சொல்லிக்குங்க மாமி," என்றான் கருணாகரன். "நான் சொல்ல மாட்டேன்."

வைரவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "என்ன மாமி, இந்தப் பக்கம்?"

மாமி பையனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். மறுபடியும் பையனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை. சீடை கொண்டுவந்த டப்பாவை வாங்கிண்டு போகலாம்னு வந்தேன்," என்று சொல்லிப் படி இறங்கிவிட்டாள்.

வம்பு வாய்க்குள் வந்தும் அதைத் துப்பாமல் மாமி போய் அந்த ஸ்டோரில் யாரும் பார்த்ததில்லை. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்ற சந்தேகத்தோடுதான் கருணாகரன் மறுநாள் பேங்குக்குப் போனான்.

பதினோரு மணிக்குக் கவுண்டரின்மேல் ஒயர் கூடை ஒன்று வந்து உட்கார்ந்தது. அதன் அடியிலிருந்து, பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிய பாஸ் புத்தகத்தை எடுத்தாள் கோமளம் மாமி.

"ஆறு வருஷமா கூடை பின்னின காசுடா," என்றாள் கிசுகிசுப்பாக. "லஸ்ல போட்டா மாமா மோப்பம் பிடிச்சு, சீட்டாட்டத்துக்குக் கொண்டு போயிடுவாரேன்னு பஸ் ஏறி வந்து இங்கே போட்டேன். நீ இங்கேயே வந்து சேர்ந்ததும் இந்தப் பக்கமே வரலை. உன் வாய் எப்படின்னு தெரியாம எப்படி உள்ளே கால் வைக்கறது? அப்பா செருப்புச் சத்தத்துக்கே அசையாதவன் மாமாகிட்டயா சொல்லப் போறே! வத்ஸலாவுக்கு நாளைக்குப் பீஸ் கட்டணும்."

குமாஸ்தா மெஹபூப் பாஷா அவளுடைய பணம் எடுக்கும் ஃபாரத்தை வாங்கி, "தம்பி, அட்டையை..." என்று ஆரம்பிப்பதற்குள், பேரும் கேட்காமல் நம்பரும் பார்க்காமல் கருணாகரன் ஓர் அட்டையை உருவி நீட்டியிருந்தான்.

"அடப்பாவி! உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே பார்த்துட்டேன் மாமி. அதை உங்ககிட்டகூடச் சொல்லக் கூடாதே!"